அட்டையில் தெரிந்த மிட்டாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், 41 வயதுப் பெண் ஒருவர் கணவருடன் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். பெரம்பூரில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடித்த காலத்திலிருந்து கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர். வீடு அம்பத்தூரில். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு. மாமியாரும் உடன் இருக்கிறார். போனில் ஆடிய ஒரு விளையாட்டு அந்தப் பெண்ணின் அன்றாடத்துக்குள் எப்படி வந்தது என்பதைப் பற்றியது இது. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் பேசியது கணவர். "கண் டெஸ்ட் பண்ணியாச்சு மேடம், பவர்கூட மாறல. அம்மா திருஷ்டின்னு சொல்லி மந்திரிச்சுக் கயிறு கட்டி விட்டாங்க. ஒண்ணும் கேக்கல. எதைப் பாத்தாலும் மிட்டாயா தெரியுதுங்கறா."

அவரைச் சற்று வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் விஷயத்துக்கு வந்தார்.

"கடையில ஒரு பெரிய தப்பு நடக்க இருந்துச்சு மேடம்."

மாலைக் கூட்ட நேரம். புதிதாக வந்த சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை மாத்திரை டப்பாவில் ரோஸ் நிற அட்டை இரண்டு மேலாகத் தெரிந்தன. பக்கத்து டப்பாவில் ரத்த அழுத்த மாத்திரை. அதுவும் ரோஸ் அட்டை. அவர் கை அதிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த இரண்டோடு சேர்த்து வைத்தது. "மூணும் ஒண்ணா நின்னதும் மனசுக்குள்ள டிங்னு ஒரு சத்தம். அது மறையும்னு ஒரு செகண்ட் காத்துக்கிட்டு நின்னேன் மேடம்." அட்டை மறையவில்லை. கடைப் பையன் பார்த்துவிட்டு, "அக்கா, பிரஷர் மாத்திரைய சுகர்ல வெச்சிட்டீங்க" என்றான். அந்த அட்டை யாருக்கும் விற்பனையாகவில்லை. ஆனால் மறுநாளே அவர் முதலாளியிடம் சொல்லி, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை விட்டு பில் போடும் இடத்துக்கு மாறிக்கொண்டார்.

இந்த ஒரு காரியம் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல. பெயரும் அளவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் மருந்துகளைப் பிரித்தறிவதுதான் அவர் தொழில். 500க்கு பதில் 1000 போனால் என்னவாகும் என்று மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர். அவருக்குத் தன் கண்ணின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

எப்படித் தொடங்கியது

விளையாட்டு என்று நான் சொல்வது, ஒரே நிறத்து மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து மறையச் செய்யும் மொபைல் விளையாட்டு. 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவுக்குப் பிறகு இந்த வகை எல்லோர் போனிலும் குடியேறிவிட்டது; இவர் ஆடியதும் அந்த வகையில் ஒன்று. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டங்களை விரலால் இடம் மாற்றினால் மூன்று சேரும், மறையும், மேலிருந்து புதியவை சரியும். அவ்வளவுதான் ஆட்டம்.

வீடியோ கேம் என்றாலே நம் வீடுகளில் எல்லோர் மனக்கண்ணிலும் நிற்பது ஹெட்போன் மாட்டிய பையன்தான். இந்தப் பெண்ணிடம் "நீங்கள் கேம் ஆடுவீர்களா" என்று யாரும் கேட்கவில்லை. கண் பார்த்த இடத்திலும் கேட்கவில்லை, கயிறு கட்டிய இடத்திலும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை அவர் கேம் என்றே நினைத்ததில்லை. "சும்மா போன்ல நோண்டுறது" என்றுதான் சொன்னார்.

போனில் பதிவாகியிருந்த நேரத்தைச் சேர்ந்து பார்த்தோம். வேலை நாளிலேயே 4 மணி நேரத்துக்கு மேல். அம்பத்தூரிலிருந்து பெரம்பூர் வரை மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிறகு இரவு எல்லோரும் படுத்த பின் தூக்கம் தானாக வந்து விழுகிறவரை. அந்த இரவு நேரம்தான் பெரிய பங்கு.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். 2023 ஏப்ரலில் அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தபோது, மகள்தான் அந்த விளையாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தாள். ஜூனில் அப்பா போய்விட்டார். விளையாட்டு மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொன்னார், வெகு நேரம் கழித்து. அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாதாமாதம் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது இவர்தான். அவர் இறந்த பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத அட்டைகள் கிடைத்தன. "ஊருக்கெல்லாம் சொல்றேன், மாத்திரைய விடாதீங்கன்னு. எங்கப்பா சாப்பிடறாரான்னு நான் பாக்கல."

கடையில் கை மாற்றி வைத்ததும் ரத்த அழுத்த மாத்திரைதான். இதில் ஆழ்மனம் ஏதோ சொல்ல வருகிறது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அட்டையின் நிறம் ஒன்றாக இருந்தது, அதுவே போதுமான காரணம். ஆனால் அந்தச் சிறு தவறு அவரை இவ்வளவு ஆட்டிப் பார்த்தது ஏன் என்பதற்கு அலமாரியில் கிடந்த அந்த அட்டைகளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

என்ன தெரிகிறது, எப்போது தெரிகிறது

"மிட்டாயா தெரியுது" என்ற ஒரு வாக்கியத்துக்குள் பல வேறு அனுபவங்கள் இருந்தன. அவற்றைப் பிரிக்காமல் மேலே போக முடியாது.

கண்ணை மூடினால், தூக்கம் வரும் நேரத்தில், நிறக் கட்டங்கள் மேலிருந்து சரிகின்றன. இது படமாகவே தெரிகிறது. கண் திறந்தால் போய்விடும்.

விழித்திருக்கும்போது தெரிவது வேறு வகை. மிட்டாய் எதுவும் வெளியில் நிற்பதில்லை. பொருள் பொருளாகத்தான் தெரிகிறது, ஆனால் மூன்று என்ற சேர்க்கை முந்திக்கொண்டு கண்ணில் விழுகிறது. காய்கறிக் கடையில் தக்காளி, கத்தரிக்காய், தக்காளி என்றிருந்தால் நடுக் கத்தரிக்காயை நகர்த்தத் தோன்றுகிறது. சிக்னலில் நிற்கும் ஆட்டோக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் இருந்தால் அது உறுத்துகிறது. ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் புடவை நிறம்கூட.

மார்கழிதான் அவரைக் கலங்கடித்தது. தெருவில் பெரிய கோலம் போடுகிறவர் என்று பெயர் எடுத்தவர் அவர். 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி வைத்துப் போடும் கோலம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். புள்ளி வைத்து முடித்ததும் எந்தப் புள்ளியிலிருந்து எங்கே இழுப்பது என்பது தானாகத் தெரிய வேண்டும். இந்த வருடம் தெரியவில்லை. "புள்ளியப் பாத்தா, எதை எதோட மாத்தலாம்னுதான் போகுது மேடம். இழை வரல. கலர் போட உக்காந்தா அதைவிட மோசம்." மகளை விட்டு முடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதிருக்கிறார். கடைச் சம்பவத்தைவிட இதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மூன்றாவது, கை. தொடையின் மேல், சேலை மடிப்பின் மேல், விரல் இடமிருந்து வலமாக நகர்வதை அவரே பார்த்திருக்கிறார். நான்காவது, சத்தம். பில் மெஷின் ஒலிக்கும்போது அதன் பின்னாலேயே விளையாட்டில் மிட்டாய்கள் சரியும் ஒலி தொடர்வதுபோல் இருக்கும்.

இவை ஒவ்வொன்றையும் சொல்லும்போது நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: அந்த நேரத்தில் அது நிஜம் என்று நினைத்தீர்களா? ஒருமுறைகூட ஆம் என்று சொல்லவில்லை. "இல்ல மேடம், மாத்திரைன்னு தெரியும். தெரிஞ்சும் கை போச்சு. அதான் பயமா இருக்கு."

வேறு எதுவாக இருக்கலாம்

விளையாட்டுதான் காரணம் என்று எனக்கு முதல் நாளே தோன்றியது. தோன்றியதை வைத்து நிறுத்திக்கொள்ளக் கூடாத இடம் இது.

ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் சிலருக்கு வளைந்து நெளிந்து மின்னும் கோடுகள் தெரியும். அது பார்வையின் ஒரு பக்கத்தில் தொடங்கி மெதுவாகப் பரவும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். மூளையின் பின்பகுதியில் எழும் ஒரு வகை வலிப்பில் வண்ண வட்டங்கள் சில நொடிகள் தோன்றி மறையும், ஆள் கீழே விழாமலே. நிற வட்டம் என்று ஒருவர் சொன்னால் இதை மறக்கவே கூடாது என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். பார்வை குறைந்தவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது உண்டு. இவருக்குக் கண் நன்றாக இருந்தது. மனநல மருத்துவர் ஒருவரும் பார்த்தார். தன்னை யாரோ கவனிக்கிறார்கள், தனக்கு மட்டும் ஏதோ செய்தி வருகிறது என்ற எண்ணங்கள் எதுவும் இல்லை. பேச்சிலும் சிந்தனையிலும் குழப்பமில்லை. வேறு மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இரு மருத்துவர்களுமே தங்கள் பக்கத்தில் சிகிச்சை தேவைப்படும் எதையும் காணவில்லை.

அடிமைத்தனமா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கேமிங் கோளாறுக்கு இடம் உண்டு. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போவது, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னால் வருவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். இவர் சமைக்கிறார், வேலைக்குப் போகிறார், மகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். தவறு நடக்க இருந்தது என்று தெரிந்த மறுநாளே தானாக இடம் மாறிக்கொண்டார். இரவில் மட்டும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் பெயரை இவர் மேல் ஒட்டுவது நியாயமில்லை என்பதே என் முடிவு.

இதற்குப் பெயர் உண்டு

நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் ஆஞ்செலிகா ஒர்டிஸ் டி கொர்தாரி என்ற ஆய்வாளர், மார்க் கிரிஃபித்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து, 2011இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அடிக்கடி விளையாடும், 15 முதல் 21 வயது வரையிலான 42 பேரிடம் பேசி எழுதியது. விளையாட்டை நிறுத்திய பிறகும் அதன் படங்கள், ஒலிகள், எண்ணங்கள், கை அசைவுகள் அன்றாடத்துக்குள் வருவதை அவர்கள் கேம் டிரான்ஸ்ஃபர் ஃபினாமினா என்று அழைத்தார்கள். விளையாட்டுக் கசிவு என்று நான் இங்கே சொல்கிறேன். பின்னர் 2,362 பேரிடம் இணையவழி நடத்திய கணக்கெடுப்பை 2016இல் வெளியிட்டபோது, 97 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைக் கசிவு தங்களுக்கு ஒரு முறையாவது நேர்ந்ததாகச் சொல்லியிருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் உலகில் விளையாடும் எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது அபூர்வமான ஒன்றல்ல என்பதற்கு அந்த எண் போதும்.

நான் அவரிடம் விரிவாகச் சொன்னது வேறொரு ஆய்வைப் பற்றி. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் 27 பேரை 3 நாட்களில் மொத்தம் 7 மணி நேரம், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டை ஆட வைத்து, தூங்கப் போகும் வேளையில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். முடிவு 2000ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்தது. 17 பேர் கட்டைகள் விழுவதைப் பார்த்தார்கள். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 27 பேரில் இருந்த 5 பேர். மூளையில் நினைவைப் பதியும் பகுதி சேதமடைந்தவர்கள் அவர்கள். டெட்ரிஸ் ஆடியதே மறுநாள் அவர்களுக்கு நினைவில் இல்லை. ஆனால் அவர்களிலும் 3 பேர் கண்ணை மூடியபோது கட்டைகள் விழுவதைச் சொன்னார்கள். ஆடியது மறந்தவருக்கும் ஆட்டம் வருகிறது என்றால், நாம் வேண்டுமென்று கொண்டுவரும் ஞாபகம் அல்ல இது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் பழகிய மூளைப் பகுதிகள் தம் பாட்டுக்குத் தம் வேலையைத் தொடர்கின்றன.

அவர் அதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் நெனைக்காமலே வருமா?" என்றார். ஆம். நீங்கள் நினைப்பதால் வருவதில்லை, நினைக்காமல் இருந்தால் போவதுமில்லை.

விழித்திருக்கும்போது நிறம் உறுத்துவதற்கு இன்னொரு விளக்கம் இருக்கிறது. ஒரு நிறத்தைத் திரும்பத் திரும்பத் தேடச் சொன்னால், அடுத்த முறை அந்த நிறத்தின் மேல் கவனம் தானாக, வேகமாகப் போய் விழுகிறது. மால்யகோவிச், நாகயாமா என்ற இருவர் 1994இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். இவர் மாதக்கணக்காக, இரவுதோறும், ஒரே நிறத்தில் மூன்றை மட்டும் தேடியிருக்கிறார். தேடிக் கண்டுபிடித்ததும் ஒலியும் ஒளியுமாக உடனே பரிசு கிடைத்திருக்கிறது. இவ்வளவு பயிற்சி கொடுத்தால் எந்தக் கண்ணும் அதைத்தான் பார்க்கும். சென்னையில் சதுரங்கம் பயிலும் பிள்ளைகளைக் கேட்டால், மொசைக் தரையில் குதிரை எங்கே தாவும் என்று கண் தானாகப் போவதைச் சொல்வார்கள். 2022 ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியிருந்தபோது, ஒரு சிறுவன் அதைக் கடக்கும்போதெல்லாம் தனக்கு ஆட்டம் ஓடியதாகச் சொன்னான். அவன் பெற்றோர் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டார்கள். இந்தப் பெண்ணுக்கோ கயிறு கட்டினார்கள். இரண்டிலும் மூளை செய்வது ஒன்றே.

கை போவது இவற்றில் கவலைக்குரியது. ஒரு குறிப்பைக் கண்டதும் ஒரு செயல் என்று பழகிவிட்டால், நடுவில் யோசனை என்ற படியே இல்லாமல் போகிறது. வீட்டில் அது தக்காளியை நகர்த்துவதோடு போகும். மருந்துக் கடையில் அப்படி விட முடியாது. கசிவு நோயல்ல என்று சொல்லும்போதே, அது எந்த இடத்தில் கசிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லாரி ஓட்டுபவர், கிரேன் இயக்குபவர், ஊசி போடுபவர் ஆகியோரிடமும் நான் இதையேதான் கேட்பேன்.

புயல் நாட்கள்

விளையாட்டை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பார்ப்பது இயல்பான அடுத்த படி. அது ஏற்கெனவே நடந்திருந்தது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. அவர்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, போன் அணைந்து கிடந்தது. பவர் பேங்கில் மிச்சமிருந்ததை அவசரத்துக்கென்று வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் மிட்டாய் வந்ததா என்று கேட்டேன்.

யோசித்தார். "முதல் ராத்திரி வந்துச்சு. அப்புறம் கொறஞ்சிடுச்சு. கடைசில இல்ல மேடம்."

நல்ல செய்திதானே என்று நான் நினைத்த அதே நேரத்தில் அவர் முகம் மாறியது.

"ஆனா அப்பா வந்துட்டாரு."

இருட்டில் படுத்திருந்தபோது ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்த முகம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மானிட்டரின் ஒலி, பிரிக்காத அட்டைகள். தூங்கவே இல்லை. மின்சாரம் வந்த அன்று முதலில் சார்ஜில் போட்டது போனை. முதலில் திறந்தது அந்த விளையாட்டை. "அதை ஆடினா அப்பா வரமாட்டாரு மேடம்."

எனக்கு இந்த வழக்கின் திசையே இங்கேதான் புரிந்தது. விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. ஒரு படத்தை வரவிடாமல் தடுக்க, இன்னொரு படத்தால் அவர் கண்ணை நிரப்பிக்கொண்டிருந்தார். இது வெறும் கற்பனை இல்லை. எமிலி ஹோம்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில், கோரமான காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரை அரை மணி நேரம் கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று மனதில் வருவது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. உருவங்களை மனதில் வைத்துத் திருப்பும் வேலையும், பார்த்த காட்சியைப் படமாகப் பதியும் வேலையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். அது சோதனைச் சாலை, திரைப்படம், நடந்த சிறிது நேரத்துக்குள். மாதக்கணக்கான துக்கத்துக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் இந்தப் பெண் யாரும் சொல்லித் தராமலே எதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குப் புரிய அது உதவியது.

குடும்பங்கள் போனைப் பிடுங்குவதைப் பற்றி என் கவலையும் இதுதான். போனைப் பிடுங்கினால் மிட்டாய் போயிருக்கும், சந்தேகமில்லை. அதன் இடத்தில் எது வந்து உட்காரும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மகன்

அடுத்த சந்திப்பில் மகனையும் அழைத்து வரச் சொன்னேன். பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் விளையாட்டை ஆடுகிறவன். தேர்வு நெருங்குகிறது என்று வீட்டில் தினமும் அவனுக்குத் திட்டு. அம்மாவின் 4 மணி நேரம் யார் கண்ணிலும் படவில்லை.

அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், "இதுக்காம்மா இவ்ளோ பயந்த? எனக்கும் வரும்மா" என்றான். அந்த விளையாட்டில் எதிரி வருவதை முதலில் சொல்வது காலடிச் சத்தம். காதில் இயர்போன் மாட்டி, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பழக வேண்டும். "மேட்ச் நெறைய ஆடிட்டுப் படுத்தா, மாடியில பாட்டி நடக்குறதுகூட எதிரி மாதிரிதான் கேக்கும். டியூஷன் போற வழில கட்டி முடிக்காத பில்டிங் இருக்கு, ஜன்னல்ல யாராச்சும் கேம்ப் பண்றாங்களான்னு கண்ணு தானா போகும். எங்க ஸ்குவாட்ல எல்லாருக்கும் இருக்கு. நாங்க அதைப் பேசிச் சிரிப்போம்."

என் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அவன் சொன்ன இந்த நாலு வாக்கியம் அவருக்கு ஆறுதல் தந்தது. காரணமும் தெளிவு. அவனுக்கு இதைச் சொல்ல நண்பர்கள் இருந்தார்கள். 41 வயதில், கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண், தன் கண்ணில் மிட்டாய் விழுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அவனிடம் தனியாகவும் பேசினேன். காலடிச் சத்தம் கேட்டால் பயம் வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, யாரோ நிஜமாகவே பின்தொடர்வதாகத் தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். கூச்சமில்லாமல், நேராகப் பார்த்துச் சொன்னான். அவனைப் பற்றி நான் வேறெதுவும் செய்யவில்லை, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இயர்போனைக் கழற்றச் சொன்னதைத் தவிர.

செய்தது

விளையாட்டை நீக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றினோம். காலை ரயிலில் ஆடக் கூடாது, ஏனென்றால் இறங்கியதும் அவர் போய் நிற்பது மருந்து அட்டைகளுக்கு நடுவே. மாலை ரயிலில் ஆடலாம். இரவு படுக்கையில் கூடாது. கடலுக்குள் நெடுநேரம் போய்த் திரும்பும் காசிமேட்டு ஆட்களுக்குக் கரையேறிய பின்னும் சற்று நேரம் தரை அசையும். அந்த ஆட்டம் அடங்கத் தேவையான இடைவெளிதான் இது என்று சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார்.

கடையில், கைக்கும் கண்ணுக்கும் நடுவே காணாமல் போன அந்தப் படியைத் திரும்ப வைத்தோம். எந்த அட்டையை எடுத்தாலும் பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுச் சொல்வது, பிறகு மருந்துச் சீட்டைப் பார்ப்பது, பிறகு கொடுப்பது. நிறத்தைப் பார்த்துச் சரக்கு அடுக்கவே முடியாதபடி, அட்டைகளைப் பெயர் தெரியும் பக்கம் மேலே வைத்து அடுக்குவது. அவருடைய சம்மதத்தோடு முதலாளியிடமும் பேசினேன். நல்ல மனிதர். சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் வைத்திருந்ததே சரியில்லை என்று அவரே சொல்லி, தனித்தனி ராக்கில் பிரித்து வைத்தார். ஒரே நிற அட்டைகள் அடுத்தடுத்து இருந்தால் கேம் ஆடாதவர் கையும் தவறும்.

இவையெல்லாம் சீக்கிரம் முடிந்த வேலை. மீதி நேரம் முழுவதும் அப்பாவுக்குத்தான் போனது. ஐ.சி.யூ. வாசலில் கழிந்த இரவுகளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, விட்டுவிடாமல், பலமுறை சொன்னார். பிரிக்காத அட்டைகளைப் பற்றிப் பேசும்போது, அப்பா அவற்றை ஏன் சாப்பிடவில்லை என்பதை அவர் ஒருநாள்கூட அப்பாவின் பக்கமிருந்து யோசித்ததில்லை என்பது தெரிந்தது. மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து சிறுநீர் போக வேண்டியிருக்கிறது, கோயிலுக்குப் போனால் கஷ்டம் என்று அப்பா அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். மகளிடம் சொன்னால் திட்டுவாள் என்று மறைத்திருக்கிறார். இது தெரிந்ததும் அந்தப் பெண் அழுதார், பிறகு கோபப்பட்டார். மாதங்களாக அவர் அப்பாவின் மேல் கோபப்பட்டதே இல்லை.

மாமியாரையும் ஒருமுறை பார்த்தேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. மருமகள் மேல் அக்கறையில் கட்டியது, இருக்கட்டும். இரவில் மருமகள் தூங்காமல் கிடந்தால் ஒரு டம்ளர் பால் கொடுத்து ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தார்.

தொடர்ந்து பார்த்ததில்

படுக்கையில் ஆடுவதை நிறுத்திய சில வாரங்களிலேயே கண் மூடினால் தெரிந்த கட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த முதல் வாரங்களில் அப்பாவின் முகம் அடிக்கடி வந்தது. வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் தாங்கினார். தூக்கத்துக்கு மாத்திரை வேண்டுமா என்று மனநல மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தோம், தேவைப்படவில்லை. விரல் நகர்வது தானாக நின்றது. பில் மெஷின் ஒலி மட்டும் நெடுநாள் இருந்தது. அதற்கு அந்த மெஷின் நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருந்ததும் காரணமாக இருக்கும்.

கோடைக்குள் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டார். நிறங்கள் மூன்றாகச் சேர்ந்தால் இப்போதும் கண்ணில் படுகின்றன என்கிறார், ஆனால் கை போவதில்லை.

இதைப் படிக்கும் ஒருவருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ இதுபோல நேர்ந்தால், விளையாட்டை நிறுத்திய சில நாட்களில் குறைகிறதா என்று பார்க்கலாம். குறையாவிட்டால், தெரிவதை நிஜமென்று நம்பத் தொடங்கினால், சில நொடிகள் நினைவு தப்பினால், தலைவலியோ வாந்தியோ கூட வந்தால், அல்லது குரல்கள் கட்டளையிடுவதாகத் தோன்றினால், காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

மகனுக்கு 18 முடிந்ததும் வண்டி லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். அவன் இப்போது ஒரு பைக் ரேஸ் விளையாட்டும் ஆடுகிறான் என்றும், எதிரே பஸ் வந்தாலும் இடைவெளியில் நுழைந்து போவதற்கு அதில் பாயிண்ட் உண்டு என்றும் அவன் அம்மா கடைசிச் சந்திப்பில் சொன்னார். அதை அவர் பதறாமல் சொன்னார். அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அவன் லைசென்ஸ் எடுப்பதற்கு முன் ஒருமுறை வந்து என்னோடு உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறான்.